மார்கழிக் காலையில் டிராக்டர் பிடிக்கவில்லையா? படிப்படியாகக் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

நவரைப் பட்டத்து நெல்லுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்ட வேண்டிய நேரத்தில்தான் இந்தத் தொல்லை வரும். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. பத்து மணி வெயிலில் அதே வண்டி ஒரே திருப்பில் எடுக்கிறது. செங்குன்றம், திருவள்ளூர், உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், "பனிக்கு அப்படித்தான் இருக்கும்."

பனிமேல் பழி போடுவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. சென்னை நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. மார்கழியில் வழக்கமான விடியற்காலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்தக் குளிரில் டீசல் உறையாது, ஆயிலும் கட்டியாகாது. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்திருந்தால், அழுத்தி முடித்தபின் கிடைக்கும் சூடு 25 டிகிரி அளவுக்குக் குறையும். மொத்தச் சூடு 400 டிகிரிக்கு மேல் இருக்கும்போது நல்ல எஞ்சினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே பேட்டரி தளர்ந்து, டீசலில் காற்று கலந்து, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) சொட்டிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குத்தான் அந்த 25 டிகிரி பெரிய இழப்பு. அந்தப் பலவீனங்களில் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி சும்மா நின்றபோது சேர்ந்தவை. அவற்றை எந்த வரிசையில் தேடுவது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1. கை வைப்பதற்கு முன்

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மீட்டர் (மல்டிமீட்டர்), 10 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர்கள், உப்புத்தாள், வாஸ்லின், பனியன் வேஸ்ட், டார்ச், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடி பாட்டில் ஒன்று, இரண்டடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ், புதிய செப்பு வாஷர்கள், நன்றாக வடிகட்டிய ஐந்து லிட்டர் டீசல். மீட்டரும் ஹோஸும் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செப்பு வாஷரை மட்டும் பழைய அளவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள்.

கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டு) விலக்கி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் எந்த வேலையும். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச்சை மிதித்திருங்கள். கியர் பெட்டியையும் சேர்த்துச் சுற்றும் சுமை செல்ஃபுக்குக் குறையும். குளிர்ந்த கியர் ஆயிலில் இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வண்டி நின்ற இடத்தில் மழைவெள்ளம் ஏறியிருந்தால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது புறநகர் முழுக்க நடந்ததுபோல், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். முதலில் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தாலோ, அளவு ஏறியிருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும், ஏனென்றால் தண்ணீரை அழுத்த முடியாது. ஆயிலை வடித்து, நாசில்களைக் கழற்றி, கையால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

2. சுற்றுகிறதா? புகை வருகிறதா?

"ஸ்டார்ட் ஆகல அண்ணே" என்று போனில் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உதவ முடியாது. அவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு முதலில் நீங்களே பதில் கண்டுபிடியுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பத்து விநாடி செல்ஃப் அடிக்கட்டும். இன்னொருவர் புகைக்குழாயைப் பார்க்கட்டும். பாதியிலிருந்து முழுவதும் வரை ஆக்ஸிலேட்டர் இழுத்திருக்க வேண்டும். பழைய பம்புகள் பலவற்றில் ஸ்டார்ட்டிங்குக்கான கூடுதல் டீசல் அப்போதுதான் வரும்.

மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். மூன்றாம் படிக்குப் போங்கள்.

வேகமாகச் சுற்றியும் புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் வரவில்லை. நான்காம் படி.

வேகமாகச் சுற்றி, வெள்ளையாகப் புகை தள்ளியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வருகிறது, பற்றவில்லை. எட்டாம் படி.

கருப்புப் புகையோடு திணறிப் பிடித்தால் காற்று போதவில்லை. ஏழாம் படியின் இரண்டாவது பாதி.

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். டீசல் வராத வண்டிக்குப் புது பேட்டரி வாங்குகிறார்கள். பேட்டரி தளர்ந்த வண்டிக்குப் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புகிறார்கள். பம்ப் சர்வீஸ் பல ஆயிரம் ரூபாய் செலவு. அதற்கு முன் இந்தப் பத்து விநாடியைச் செலவழியுங்கள்.

ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். செல்ஃப் மோட்டாரில் காற்றோட்டம் கிடையாது, உள்ளே சுருள் சூடேறி அரக்கு உருகும். தொடர்ந்து அடிப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. நன்றாக இருந்த பேட்டரியும் இறங்கிவிடும். அப்புறம் முதலில் இருந்த கோளாறு எது, நீங்களே உண்டாக்கிய கோளாறு எது என்று பிரிக்க முடியாது.

3. மெதுவாகச் சுற்றினால்

நல்ல செல்ஃப் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். அது 100 பக்கம் இறங்கினால், அழுத்தப்பட்ட காற்று பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியவும் சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். டீசல் பற்றும் சூடு பிறக்காது. அதனால் மெதுவாகச் சுற்றுவதுதான் எல்லாவற்றுக்கும் முன் சரிசெய்ய வேண்டிய கோளாறு. இதைச் சரிசெய்யாமல் மற்ற எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே பேட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. சார்ஜ் போட்டு எடுத்த கையோடு பார்க்காதீர்கள், அப்போது பொய்யாக அதிகம் காட்டும். ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த பேட்டரி காட்டும் எண்தான் உண்மை.

அடுத்து, எஞ்சினை நிறுத்தும் கம்பியை வெளியே இழுத்து வைத்து, எஞ்சின் பிடிக்காதபடி செய்துவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். வோல்ட் 9.6க்குக் கீழே போனால் பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை, அல்லது ஆயுள் முடிந்தது. முழு சார்ஜில் இருந்தும் அப்படி இறங்கினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் ஒயர் பக்கம் பாருங்கள். பட்டறைகளில்கூடப் பலர் தாண்டிப் போகும் சோதனை இது. செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவு மின்சாரத்துக்கு, டெர்மினலில் கண்ணுக்கே தெரியாத அளவு அழுக்குப் படலம் இருந்தாலும் ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும்.

மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் தூண்மேல் வையுங்கள். கவ்வியின்மேல் வைக்கக் கூடாது, தூணின் ஈயத்தின்மேலேயே வைக்க வேண்டும். கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரில் அந்தக் கேபிள் சேரும் போல்ட்டில். இப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் 0.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை. அடுத்து பேட்டரியின் மைனஸ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் உடலுக்கும் இடையே அதே சோதனை. இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

பெரும்பாலும் குற்றவாளி, பேட்டரி மைனஸை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த் ஒயர்தான். சேசிஸில் அது சேரும் இடத்தில் பெயிண்டுக்கும் துருவுக்கும் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். வெளியே பார்த்தால் இறுக்கமாக இருக்கும். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் செம்மண் நிறத்தில் துரு வட்டமாகப் படிந்திருக்கும். சேற்றிலும் மழையிலும் நிற்கும் வண்டிகளில் இது ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்கும். உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு வாஸ்லின் பூசுங்கள். வாஸ்லினை முதலில் பூசிவிட்டு மாட்டாதீர்கள்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சமையல் சோடா கலந்த வெந்நீர் கரைத்துவிடும். அந்த நீர் பேட்டரி மூடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

வேறு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு எடுப்பதானால் பிளஸ்ஸுக்குப் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் மறுமுனை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில். இறங்கிய பேட்டரியின் மைனஸ் தூணில் மாட்டாதீர்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், பேட்டரிமேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கும்.

ஸ்டார்ட் ஆனபின் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வராவிட்டால் பெல்ட் தளர்வு அல்லது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் கோளாறு. அதை விட்டுவிட்டுப் புது பேட்டரி போட்டால் அடுத்த வாரம் அதுவும் இறங்கிக் கிடக்கும்.

4. வேகமாகச் சுற்றுகிறது, புகை இல்லை: டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

முதலில் நிறுத்தும் கம்பி முழுதும் உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். கைப்பிடி உள்ளே இருந்தாலும், மழையில் துருப்பிடித்த கேபிள் பம்ப் முனையில் திரும்பாமல் நின்றிருக்கும். பம்பில் உள்ள லிவரையே விரலால் தள்ளிப் பாருங்கள். சாவியால் நிற்கும் வண்டி என்றால், சாவியை ஆன் செய்ததும் பம்ப் பக்கம் "டிக்" என்று சோலினாய்டு (டீசலைத் திறந்துவிடும் மின்காந்தம்) இழுக்கும் சத்தம் கேட்க வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் இந்த சோலினாய்டும் இழுக்காது. மின்சாரப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு டீசல் பாதை. டேங்க், குழாய் அடைப்பான், அழுக்கும் தண்ணீரும் தேங்கும் கண்ணாடிக் கிண்ணம், டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், இரண்டு ஃபில்டர், டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப், நாசில் என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் எங்கும் குதிக்கக் கூடாது. மேலே அடைத்திருந்தால் கீழே என்ன செய்தாலும் பயனில்லை.

டேங்க் மூடியைக் கழற்றும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சேறும் தூசியும் சேர்ந்து அடைக்கும். துளையைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

அடுத்து, கண்ணாடிக் கிண்ணத்திலிருந்தும் முதல் ஃபில்டரின் அடித் திருகிலிருந்தும் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக ஒரு அடுக்காக நிற்கும். இடையில் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். பாதி காலியான டேங்க்கோடு மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் இது சாதாரணம். டேங்க்கின் காலி இடத்தில் இருக்கும் ஈரக் காற்று ராத்திரி குளிரும்போது உள்சுவரில் துளித்து, கீழே இறங்கித் தேங்குகிறது. தண்ணீர் வந்தால் டீசல் தெளிவாக வரும்வரை வடியுங்கள். இரண்டு ஃபில்டர்களையும் மாற்றுங்கள். தண்ணீர் பம்புக்குள் போனால் உள்ளே உராயும் பாகங்கள் துருப்பிடிக்கும், அந்தச் செலவு மிகப் பெரியது.

ஃபில்டர் மாற்றும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு கழன்று வராமல் மேலே தலைப்பகுதியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு ரப்பர், கறுப்பு அழுக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதன்மேலேயே புதிய வளையத்தை வைத்து இறுக்கினால் இறுகியது போலத்தான் இருக்கும், ஆனால் அங்கே காற்று இழுக்கும். விரலை உள்ளே விட்டுப் பள்ளத்தைச் சுற்றித் தடவிப் பார்த்து, பழையது வந்துவிட்டதை உறுதி செய்த பிறகே புதியதை வையுங்கள். "ஃபில்டர் மாத்துனதிலேர்ந்துதான் காலைல எடுக்கல" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

5. ஏர் எடுப்பது

ஃபில்டரைக் கழற்றினாலோ டீசல் தீர்ந்து நின்றாலோ பாதைக்குள் காற்று போயிருக்கும். டீசலை அழுத்தினால் அது நாசிலைத் திறக்கும். காற்றை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். நாசில் திறக்க 200 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு) அளவுக்கு அழுத்தம் தேவை. ஒரு சிறு காற்றுக் குமிழே அதைக் கெடுத்துவிடும்.

இந்த முறை பழைய இயந்திர பம்ப் வண்டிகளுக்கு மட்டும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்தபின் காமன்ரெயில் வண்டிகள் (மிக உயர்ந்த அழுத்தத்தில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு டீசல் தெளிப்பவை) அதிகமாகிவிட்டன. அவற்றில் பம்புக்கு அப்புறம் உள்ள எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். கையேட்டில் சொன்னபடி பிரைமரை (டீசலை ஏற்றும் சிறு பம்ப்) மட்டும் அடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான். முதல் ஃபில்டரின் மேல் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பில் உள்ள கை பிரைமரை அடியுங்கள். முதலில் சோடாபோல் நுரைத்து வரும். நுரை நின்று டீசல் குமிழில்லாமல் வழிய ஆரம்பித்ததும், பிரைமரை அடித்துக்கொண்டே திருகை மூடுங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு மூடினால் அந்த இடைவெளியில் காற்று திரும்ப உள்ளே போகும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு பெரிய பம்பில் உள்ள திருகு. பம்பைப் பொறுத்து அது ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கும். இரண்டு இருந்தால் கையேட்டில் உள்ள வரிசையில் திறக்க வேண்டும்.

பிரைமர் லிவர் தொளதொளவென்று ஆடுகிறது, டீசல் ஏறவில்லை என்றால் பிரைமர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே சுற்றும் கேம் (மேடுள்ள தண்டு) அப்போது ஃபீட் பம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைக் கொஞ்சம் திருப்புங்கள், லிவருக்குப் பிடி கிடைக்கும். இது தெரியாமல் நல்ல ஃபீட் பம்பை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, நாசில் பைப்புகள். இரண்டு நாசில்களில் பைப் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள், பெரும்பாலும் 17 ஸ்பேனர் சேரும். நிறுத்தும் கம்பி உள்ளே, ஆக்ஸிலேட்டர் முழுதும். செல்ஃப் அடித்தால் நட்டின் அடியில் டீசல் துடித்துத் துடித்து வரும். வந்ததும் இறுக்குங்கள். சில சமயம் இறுக்கும்போதே எஞ்சின் பிடித்துவிடும், அதனால் விசிறியிடமிருந்து கையையும் துண்டையும் தள்ளி வையுங்கள்.

எந்தக் கசிவையும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் அது அன்றைக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். தாமதித்தால் விரலே போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கசிவு இருந்தால் அதில் ஈரம் படும்.

6. ராத்திரி எங்கே காற்று நுழைகிறது?

ஏர் எடுத்ததும் ஸ்டார்ட் ஆகிறது, பகல் முழுக்க எத்தனை முறை நிறுத்தினாலும் எடுக்கிறது, மறுநாள் காலையில் மட்டும் பிடிக்கவில்லை. "பனிக்கு" என்று சொல்லப்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம். பனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரி முழுக்க நின்றதுதான் காரணம்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. காலையில் செல்ஃபைத் தொடாமல், முதலில் கை பிரைமரை இருபது முப்பது முறை அடியுங்கள். அதன்பின் ஒரே செல்ஃபில் பிடித்தால் பேட்டரி, நாசில், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) எல்லாம் நன்றாக இருக்கின்றன. டீசல்தான் ராத்திரி பின்னால் இறங்கிவிடுகிறது. அந்த இடத்தை மட்டும் தேடினால் போதும்.

டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருக்கும் வண்டியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், தரையில் ஈரம் தெரியும். டேங்க் கீழே இருக்கும் வண்டியில் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போய் டீசல் டேங்க்குக்கே திரும்பிவிடும். "எங்கேயும் லீக் இல்ல அண்ணே" என்று சொல்லும்போது டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஃபீட் பம்புக்கும் முதல் ஃபில்டருக்கும் இடையில் அந்த ஒளி ஊடுருவும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, மாலையில் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து நிறுத்திவிடுங்கள். விடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் காலியாகவோ குமிழ் நிறைந்தோ இருந்தால் காற்று நுழையும் இடம் பெரும்பாலும் அதற்கு முன்னால், டேங்க் பக்கம். நிரம்பி இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின்னால்.

சந்தேகப்பட வேண்டியவை: மறுபடி பயன்படுத்திய செப்பு வாஷர்கள், கவ்வி கடித்த இடத்தில் வெடித்த ரப்பர் ஹோஸ், கண்ணாடிக் கிண்ணத்தின் கார்க், ஃபீட் பம்பின் வால்வுகள், நாசில்களிலிருந்து டேங்க்குத் திரும்பும் மெல்லிய குழாய். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. வெயிலில் காய்ந்து இற்றுப்போயிருக்கும், விரலால் மடக்கினால் ஒடியும். செப்பு வாஷரை ஒருமுறை இறுக்கினால் அது இறுகிக் கெட்டித்துவிடும், மறுபடி சரியாகப் படியாது. புதிதின் விலை சொற்பம்.

7. ஹீட்டரும் காற்று வடிகட்டியும்

நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலானவை டீசலை நேரே எரியறைக்குள் தெளிக்கும் எஞ்சின்கள். பலவற்றில் ஹீட்டரே கிடையாது, சென்னைக் குளிருக்குத் தேவையும் இல்லை. இல்லாத ஹீட்டரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சில மினி டிராக்டர்களில் மட்டும் எரியறைக்கு முன்னால் ஒரு சிற்றறை இருக்கும், அவற்றுக்கு க்ளோ பிளக் (அந்த அறையைச் சூடாக்கும் சிறு ஹீட்டர்) கட்டாயம். சாவியை ஹீட் நிலையில் 10 முதல் 20 விநாடி வைத்துப் பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். பிளக்கின் ஒயரைக் கழற்றி மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். ஒரு ஓம் பக்கம் காட்டினால் நல்லது, ஒன்றுமே காட்டாவிட்டால் எரிந்துவிட்டது.

காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மழையில் நின்ற வண்டியின் காற்றுக் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி வைக்கோலைத் திணித்திருக்கும். ஆயில் கிண்ணம் உள்ள வகையில் மழைநீர் புகுந்து அளவு ஏறியிருந்தால் கொட்டிவிட்டு, குறியிட்ட கோடு வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் ஆயிலை இழுக்கும்.

8. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால்

இங்கே வரும் முன் மூன்றாம் படியை முடித்திருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினும் வெள்ளைப் புகைதான் தள்ளும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதும் அமராது, அழுத்தம் அந்த வழியே போய்விடும். அளவு உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கும். குளிர்ந்த எஞ்சினுக்கா சூடான எஞ்சினுக்கா என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து நாசில். கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்தால் உங்கள் கண்முன்னே அடித்துக் காட்டுவார்கள். நல்ல நாசில் பனிப்புகையாகத் தெளித்து, சட்டென்று நிற்கும். கெட்டது கோடாகப் பீய்ச்சும், நின்றபின் முனையில் ஒரு சொட்டுத் தொங்கும். அந்தச் சொட்டு எரியாமல் ஆவியாவதுதான் வெள்ளைப் புகை. அனுப்பிவிட்டு வராமல் கூட நின்று பாருங்கள், பார்த்தால்தான் எது மாற்ற வேண்டியது என்று நீங்களே முடிவெடுக்க முடியும். திரும்ப மாட்டும்போது அடி வாஷர் புதியதாக இருக்கட்டும். பழைய வாஷர் உள்ளேயே ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் சரியாகாவிட்டால் கம்ப்ரெஷன். நாசில் கழற்றிய துளையில் டீசல் எஞ்சினுக்கான அழுத்தக் கேஜ் வைத்துப் பார்த்தால் நல்ல எஞ்சினில் 25 முதல் 30 பார் வரை காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. கேஜ் இல்லாவிட்டால், வண்டி எப்படியாவது பிடித்தபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்திருக்கின்றன. அப்படியிருந்தால் உழவு முடிந்தபின் எஞ்சின் வேலைக்குப் பணம் எடுத்து வையுங்கள். வேறு குறுக்கு வழி இல்லை.

பம்ப் டைமிங்கை (பம்ப் டீசலை அனுப்பும் கணத்தின் அமைப்பு) கடைசியில் தொடுங்கள். யாராவது பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் மட்டும் அதைச் சந்தேகியுங்கள். தானாக அது மாறுவது அபூர்வம்.

9. பொறுமை போகும்போது செய்யும் காரியங்கள்

ஸ்பேனரை செல்ஃப் மோட்டாரின் இரு போல்ட்டுக்கும் குறுக்கே வைத்து ஷார்ட் செய்து எடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். தயவுசெய்து வேண்டாம். அப்படிச் செய்யும்போது நீங்கள் நிற்பது பின் சக்கரத்துக்கு முன்னால். நியூட்ரல் சுவிட்ச்சின் பாதுகாப்பைத் தாண்டித்தான் மின்சாரம் போகிறது. வண்டி கியரில் இருந்தால் பிடித்த கணமே நகரும், நகரும் வழியில் நீங்கள் இருக்கிறீர்கள். சாவியில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சுவிட்ச்சையும் ரிலேயையும் சரிசெய்யுங்கள்.

பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் காட்டுவது, தீப்பந்தம் பிடிப்பது, ஈதர் ஸ்ப்ரே அடிப்பது மூன்றும் ஒரே வகை ஆபத்து. நேரமில்லாத நேரத்தில் பற்றி பிஸ்டனை உடைக்கும். ஹீட்டர் உள்ள வண்டியில் ஸ்ப்ரே அடித்தால் காற்றுக் குழாயே வெடிக்கும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் இங்கே தேவையற்றது. பம்புக்கு எண்ணெய்ப்பசை கொடுப்பது டீசல்தான், மண்ணெண்ணெய் அதைக் குறைக்கும்.

10. அடுத்த மழைக்கு முன்

ஐப்பசி பிறக்கும் முன் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், ஈரக் காற்றுக்கு இடம் இருக்காது. புகைக்குழாய்மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துவையுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க நினைவிருக்கும்படி சாவியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றி வையுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவதைவிட எடுக்காமலே விடுவது மேல். செல்ஃப் தின்ற மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்க அந்த இரண்டு நிமிடம் போதாது, எஞ்சினுக்குள் துளித்த ஈரமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.